எக்ஸ்-கதிருக்கும் புற ஊதாவுக்கும் நடுவே ஒரு கோடு: டர்பனில் பழைய மடிக்கணினியில் போட்டுப் பார்த்தது

போன வாரம் கோடு ஒருவழியாக நிலைத்தது. குவாசர்களின், அதாவது பெருங்கருந்துளையைச் சுற்றிய வாயு ஒளிரும் தொலைதூர விண்மீன் மண்டல மையங்களின், புற ஊதா ஒளிர்வைக் கிடை அச்சிலும் எக்ஸ்-கதிர் ஒளிர்வை நெடு அச்சிலும் மடக்கையில் வைத்தால், சாய்வு 0.6-ஐ ஒட்டி வருகிறது. எந்தப் பக்கம் வெட்டிப் பார்த்தாலும் அதைச் சுற்றியே நிற்கிறது. புற ஊதாவில் 10 மடங்கு பிரகாசமான குவாசர், எக்ஸ்-கதிரில் 4 மடங்குதான் பிரகாசம் என்று அர்த்தம். இதில் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. 1979-லேயே டனன்பாம் குழுவினர் ஐன்ஸ்டைன் செயற்கைக்கோள் தரவை வைத்து இரண்டு அலைவரிசைகளுக்கும் உள்ள விகிதத்தை அளந்துவிட்டார்கள். கருந்துளையைச் சுற்றிய தட்டிலிருந்து புற ஊதாவும், தட்டுக்கு மேலே இருக்கும் கொதிக்கும் வாயுவான கொரோனாவிலிருந்து எக்ஸ்-கதிரும் வருகின்றன என்பது பொதுவான விளக்கம். இலவசத் தரவை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து அந்தக் கோட்டை வரவழைக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. முடியும். ஆனால் முதலில் வந்த அழகான கோட்டை நம்பியிருந்தால் கதை கந்தலாகியிருக்கும்.

சாமான்களைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் கை திங்க்பேட் மடிக்கணினி, 4,200 ரேண்ட். 8 ஜிபி நினைவகம் போதவில்லை, இன்னொரு 8 ஜிபிக்கு 550 ரேண்ட். ரௌட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ், 600 ரேண்ட். 2023-ல் தொடங்கியதால் இந்தக் கடைசிச் சாமான் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்த வருஷம் அது, பெரிய கோப்பு பாதியில் அறுந்துபோவது சாதாரணம். மென்பொருளுக்குச் செலவே இல்லை. பட்டியல்களைக் கையாள டாப்கேட், பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் மார்க் டெய்லர் உருவாக்கியது, ஜாவா இருந்தால் ஓடும். கணக்குக்குப் பைத்தான், அதில் ஆஸ்ட்ரோபை, சைபை, லின்மிக்ஸ் ஆகிய மூன்று தொகுப்புகள்.

பட்டியல்கள் இரண்டு. புற ஊதாவுக்கு, ஸ்லோன் வானக் கணக்கெடுப்பின் ஏழாம் வெளியீட்டிலிருந்து ஷென் குழுவினர் 2011-ல் வெளியிட்ட 1,05,783 குவாசர்கள். இதைவிடப் பெரிய பதினாறாம் வெளியீடு இருக்கிறது, அதில் 7,50,414. ஆனாலும் சின்னதை எடுத்ததற்குக் காரணம், அதில் 5100, 3000, 1350 ஆங்ஸ்ட்ராம் அலைநீளங்களில் ஒளிர்வு ஏற்கெனவே அளந்து போட்டிருக்கிறது, ரேடியோ விவரமும் இருக்கிறது. எக்ஸ்-கதிருக்கு, எக்ஸ்எம்எம்-நியூட்டன் செயற்கைக்கோளின் 4எக்ஸ்எம்எம்-டிஆர்13 பட்டியல், 6,56,997 மூலங்கள். அதில் மெலிந்த பதிப்பு ஒன்று உண்டு, ஒரு மூலத்துக்கு ஒரு வரி மட்டும். டேட்டாவை எண்ணிச் செலவழிக்கிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

பகலில் எனக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்கு. இரண்டு பட்டியலை வரிக்கு வரி பொருத்துவது எனக்குச் சோறு போடும் வேலை என்பதால் இந்தக் கட்டத்தைச் சாதாரணமாக நினைத்தேன். வானத்துப் பட்டியலில் பெயரும் எண்ணும் கிடையாது, இடம் மட்டும்தான். அந்த இடத்திலும் பிழை உண்டு, எக்ஸ்எம்எம் சொல்லும் இடம் பெரும்பாலும் ஒன்றிரண்டு விகலை (பாகையின் 3,600-இல் ஒரு பங்கு) தள்ளி இருக்கலாம். டாப்கேட்டில் 5 விகலை ஆரம் கொடுத்துப் பொருத்தினேன். கிடைத்தது சில ஆயிரம். அதில் தற்செயலாக ஒட்டிக்கொண்டவை எத்தனை என்று பார்க்க ஓர் எளிய வழி: ஒரு பட்டியலின் நடுவரை விலக்கத்தை (வானத்து அட்சரேகையை) மட்டும் 1 கலை (60 விகலை) நகர்த்திவிட்டு அதே பொருத்தலை மறுபடி ஓட்டுவது. நகர்த்திய பிறகும் பொருந்துபவை எல்லாம் பொய்ப் பொருத்தங்கள். ஆரத்தை 10 விகலையாக வைத்தபோது பொய்கள் கண்ணில் படும் அளவுக்கு ஏறின. 5-ல் புறக்கணிக்கலாம் போல இருந்தது. கிடங்குக் கணக்கிலும் இப்படி ஒரு சோதனை இருந்தால் எவ்வளவு சண்டை மிச்சம்.

அடுத்தது அலகு மாற்றம். இங்கேதான் அதிக நேரம் போனது, எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரே வரியில் தாண்டிப்போவதும் இதைத்தான். எக்ஸ்எம்எம் பட்டியல் தருவது ஆற்றல் பட்டைகளில் மொத்தக் கதிர்வீச்சு. எனக்கு வேண்டியது 2 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் என்ற ஒற்றைப் புள்ளியில் ஒளிர்வு. இரண்டாம் பட்டையையும் (0.5 முதல் 1 வரை) மூன்றாம் பட்டையையும் (1 முதல் 2 வரை) கூட்டினால் 0.5–2 பட்டை கிடைக்கும். நிறமாலை ஓர் அடுக்கு விதிப்படி சரிகிறது என்று வைத்து, அந்தக் கூட்டுத்தொகையை ஒரு காரணியால் பெருக்கினால் 2 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டில் உள்ள மதிப்பு வரும். அந்தச் சரிவின் அளவான ஃபோட்டான் குறியெண் 1.9 என்று வைத்தால் காரணி 0.386. 1.7 என்று வைத்தால் 0.441. மடக்கையில் 0.06 வித்தியாசம். எல்லாக் குவாசருக்கும் ஒரே எண்ணைப் போட்டால் கோடு மேலோ கீழோ நகரும், சாய்வு மாறாது. பட்டியலே 1.7-ஐ வைத்துத்தான் எண்ணிக்கையைக் கதிர்வீச்சாக மாற்றியிருக்கிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டிலிருந்து ஹெர்ட்ஸுக்கு மாற்ற, 2.418 பெருக்கல் 10-இன் அடுக்கு 17-ஆல் வகுக்க வேண்டும். இதை விட்டால் புள்ளிகள் 17 படி (ஒரு படி என்றால் 10 மடங்கு) உயரத்தில் மிதக்கும், உடனே தெரிந்துவிடும். தெரியாமல் ஏமாற்றுவது செம்பெயர்ச்சித் திருத்தம். செம்பெயர்ச்சி என்பது பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலை எவ்வளவு நீண்டது என்ற அளவு, அது கூடினால் தூரமும் கூடும். ஒன்றுடன் செம்பெயர்ச்சியைக் கூட்டி, குறியெண்ணில் 2 போக மிச்சத்தை அடுக்காக வைத்துப் பெருக்க வேண்டும். 1.9-க்கு அடுக்கு வெறும் -0.1, அதனால் அது இருக்கிறதா இல்லையா என்பது படத்தில் தெரியவே தெரியாது.

புற ஊதாப் பக்கம் எளிது. ஷென் பட்டியலில் 3000 ஆங்ஸ்ட்ராம் ஒளிர்வு அதிர்வெண்ணால் பெருக்கிய வடிவில் இருக்கிறது. அந்த அதிர்வெண் ஏறக்குறைய 10-இன் அடுக்கு 15, ஆகவே மடக்கையிலிருந்து 15-ஐக் கழித்தால் போதும். 2500-க்குக் கொண்டுவர இன்னும் 0.04 கழிக்க வேண்டும். தூரத்துக்கு ஹபிள் மாறிலி 70, பொருளடர்த்தி 0.3, ஆஸ்ட்ரோபை பார்த்துக்கொள்ளும்.

முதல் படம் செம்பெயர்ச்சி 0.1 முதல் 2 வரை எல்லாவற்றையும் போட்டு வரைந்தது. அருகில் உள்ளவற்றுக்கு 5100, தூரத்தில் உள்ளவற்றுக்கு 3000. பார்க்கப் பிரமாதமாக இருந்தது. கீழ் இடதிலிருந்து மேல் வலது மூலைவரை கயிறு கட்டினாற்போல் புள்ளிகள். ஒட்டுறவுக் கெழு (1 என்றால் அப்பழுக்கற்ற கோடு) 0.9-ஐ நெருங்கியது.

அந்தச் சனிக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவின் மகள் புரட்டாசிக்காக பீன்ஸ் போட்ட பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) கொண்டுவந்து கொடுத்தாள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறவள். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அங்கிள், ரெண்டு அச்சுலயும் தூரம் இருக்கே?" என்றாள்.

"ஒளிர்வு கணக்குப் போடணும்னா தூரம் வேணுமே."

"வேணும்தான். ஆனா ஞாயித்துக்கிழமை தமிழ் கிளாஸ் பிள்ளைங்க உயரத்தையும், அவங்களுக்கு மனப்பாடமா எத்தனை பாட்டு தெரியும்ங்கிறதையும் வரைஞ்சு பாருங்க. அதுவும் இப்படித்தான் கோடா வரும். வளந்தவன் நிறையப் பாட்டுத் தெரிஞ்சவன். வயசு ரெண்டையும் இழுக்குது, அவ்வளவுதான்."

அவள் போன பிறகு கணக்குப் போட்டேன். செம்பெயர்ச்சி 0.1-ல் ஒளிர்வுத் தூரம் சுமார் 460 மெகாபார்செக் (ஒன்று சுமார் 33 லட்சம் ஒளியாண்டு), 2-ல் சுமார் 15,500. விகிதம் 34, வர்க்கம் 1,100-க்கு மேல். அதாவது இரண்டு அச்சிலும் மூன்று படி நீளம் தூரத்திலிருந்து மட்டுமே வருகிறது. போதாக்குறைக்கு, கணக்கெடுப்புகளுக்கு ஒரு மங்கல் எல்லை உண்டு. தொலைவில் பிரகாசமானவைதான் கண்ணில் படும், அருகில் பிரகாசமானவை அபூர்வம். என் அழகான கயிற்றைத் திரித்ததில் பெரும் பங்கு இதற்கு.

அவள் சொன்ன சோதனை குலுக்கல். ஒவ்வொரு குவாசரின் செம்பெயர்ச்சியையும் புற ஊதாவையும் அப்படியே வைத்துவிட்டு, எக்ஸ்-கதிர் அளவுகளை மட்டும் சீட்டுக் குலுக்குவதுபோல் ஆள்மாற்றிப் போட்டு, ஒளிர்வுகளைத் திரும்பக் கணக்கிட வேண்டும். குலுக்கிய பிறகு உண்மையான தொடர்பு எதுவும் மிஞ்சாது. ஆனாலும் படத்தில் கோடு நின்றது! கொஞ்சம் தடித்து, கொஞ்சம் கலைந்து, ஆனால் கோடுதான். நிஜமான படம் குலுக்கிய படங்களைவிட இறுக்கமாக இருந்ததுதான் ஒரே ஆறுதல். பகுதி ஒட்டுறவுக்கு கெண்டால் டௌ முறையில் தூரத்தின் பங்கைக் கழித்துப் பார்க்கலாம், அக்ரிட்டாஸும் சீபர்ட்டும் 1996-ல் மேல்வரம்புகளுக்கும் (கண்ணில் படாதவற்றுக்கு 'இதற்குமேல் இல்லை' என்று தரும் அளவுகள்) பொருந்தும்படி அதை எழுதிவைத்திருக்கிறார்கள். போட்டேன், கெழு இறங்கியது, பூஜ்யத்துக்குப் போகவில்லை.

எனக்குத் திருப்தி தந்தது வேறொரு வழி. செம்பெயர்ச்சியை மெல்லிய துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒளிர்வையே விட்டுவிட்டு, நமக்கு வந்து சேரும் கதிர்வீச்சை நேரடியாக வரைவது. ஒரு துண்டுக்குள் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் அது ஏமாற்ற முடியாது. ரிசலிட்டியும் லுஸ்ஸோவும் குவாசர்களை அண்டவியல் தூரக் கோலாகப் பயன்படுத்த முயன்றபோது செய்ததும் இதுதான். துண்டுக்குத் துண்டு சிதறல் அதிகம், புள்ளிகள் கயிறாக இல்லாமல் மேகமாக இருக்கும். அந்த மேகங்கள் எல்லாம் ஒரே சாய்வில் படுத்திருந்ததைப் பார்த்தபோதுதான் நம்பிக்கை வந்தது. 0.9 கெழு கொடுத்த முதல் படத்தைவிட, பார்க்க அசிங்கமான இந்தச் சின்னப் படங்கள்தான் என் கணக்கில் உண்மையானவை.

இந்தக் கட்டத்தில் 0.7-க்குக் கீழே இருந்த செம்பெயர்ச்சிகளை மொத்தமாக விட்டுவிட்டேன். அருகிலுள்ள மங்கலான குவாசர்களில், 5100-ல் தெரிவது கருந்துளைத் தட்டு மட்டும் இல்லை, அது இருக்கும் விண்மீன் மண்டலத்தின் நட்சத்திர வெளிச்சமும் கலந்திருக்கிறது. கோட்டின் கீழ்முனையை அது வலப்பக்கம் தள்ளுகிறது. 0.7 முதல் 1.9 வரை வைத்தால் 3000 ஒன்றே போதும், தூரத்தின் பங்கும் மூன்று படியிலிருந்து ஒரு படிக்கு இறங்கிவிடுகிறது.

அடுத்து மேல்வரம்புகள். எக்ஸ்எம்எம் பார்த்த வானத்தில் விழுந்தும் எக்ஸ்-கதிரில் தெரியாத குவாசர்கள் உண்டு. அவற்றை விட்டுவிட்டால் எக்ஸ்-கதிர் பலசாலிகள் மட்டும் மிஞ்சி, கோடு மங்கல் முனையில் மேலே தூக்கும். எக்ஸ்எம்எம் எங்கெல்லாம் பார்த்தது என்பதற்கு மோக் என்ற வரைபடக் கோப்பு இருக்கிறது. டாப்கேட்டில் ஒரு நெடுவரிசைக்கு இன்மோக் என்ற செயற்கூறைக் கொடுத்தால் எந்தக் குவாசர் உள்ளே, எது வெளியே என்று ஆம், இல்லை போட்டுத் தந்துவிடும். உள்ளே இருந்தும் பொருந்தாதவற்றுக்கு மேல்வரம்பு எடுக்க ராபிட்எக்ஸ்எம்எம், ஹிலிக்ட் என்று சேவைகள் இருக்கின்றன. பொறுமை வேண்டும், ஆனால் தவிர்க்கக்கூடாத வேலை.

மேல்வரம்புகளோடு கோடு போட லின்மிக்ஸ் உதவியது. பிராண்டன் கெல்லி 2007-ல் எழுதிய பேய்ஸிய முறை அது, இரண்டு அச்சின் பிழைகளையும் கோட்டின் சொந்தச் சிதறலையும் தனித்தனியே பார்க்கும். பழைய கணினியில் இரவெல்லாம் ஓடும். மின்சாரம் நடுவில் போனால் முதலிலிருந்து. கடைசியில் முழுப் பட்டியலையும் விட்டுவிட்டு, தற்செயலாகப் பொறுக்கிய சில நூறு குவாசர்களை வைத்துச் சிறு சிறு ஓட்டங்களாக ஓட்டினேன். சாய்வு மாறவில்லை, தூக்கம் கிடைத்தது.

வடிகட்டல்களில் ரேடியோவில் உரத்தவற்றை முதலில் எடுத்தேன். கருந்துளையருகிலிருந்து சீறும் அவற்றின் பீச்சுத்தாரையும் எக்ஸ்-கதிரைத் தருகிறது, அதனால் கோட்டுக்கு மேலே கூட்டமாக நிற்கும். ரேடியோ-ஒளி விகிதம் 10-ஐத் தாண்டினால் வெளியே, பழைய வழக்கம். அகன்ற உட்கவர் வரி (வாயு ஒளியை உறிஞ்சியதால் நிறமாலையில் விழும் பள்ளம்) உள்ள குவாசர்களும் வெளியே. அவற்றிலிருந்து வீசும் வாயு எக்ஸ்-கதிரை விழுங்கிவிடுவதால் கோட்டுக்குக் கீழே தொங்கும். பிறகு, எக்ஸ்எம்எம் வேண்டுமென்றே குறிவைத்துப் பார்த்தவற்றையும் நீக்கினேன். எக்ஸ்-கதிரில் பிரகாசம் என்று ஏற்கெனவே தெரிந்துதான் பலவற்றைக் குறிவைத்திருப்பார்கள். தொலைநோக்கியின் மைய அச்சிலிருந்து ஒவ்வொரு மூலமும் எவ்வளவு விலகியிருந்தது என்பது மெலிந்த பட்டியலில் இல்லை, அதற்காகப் பெரிய பட்டியலை இறக்க வேண்டியதாயிற்று.

ஒன்று சொல்லிவிட வேண்டும். எந்த அச்சை எதன்மேல் பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்தும் சாய்வு மாறும். ஸ்டெஃபன் குழுவினர் 2006-ல் 333 மூலங்களை வைத்துச் செய்தபோது, எக்ஸ்-கதிரைப் புற ஊதாவின் மேல் பொருத்தினால் 0.64, இரண்டு பக்கமும் பொருத்தி நடுக்கோடு எடுத்தால் 0.72. தரவு ஒன்றுதான். என்னுடைய 0.6-ஐ யாருடைய 0.72-உடனோ ஒப்பிட்டு ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இன்னொரு கண்ணி: எக்ஸ்-கதிருக்கும் புற ஊதாவுக்கும் உள்ள ஆல்ஃபா-ஓஎக்ஸ் என்ற விகிதத்தை நெடு அச்சில் போட்டு, புற ஊதாவைக் கிடை அச்சில் போடுவார்கள். அந்த விகிதத்துக்குள்ளேயே புற ஊதா ஒளிந்திருக்கிறது. படத்துக்கு அழகு, சோதனைக்கு உதவாது என்பது என் கட்சி.

எக்ஸ்-கதிரை வேறு அலைவரிசைகளோடும் வைத்துப் பார்த்தேன். நடு அகச்சிவப்பு வேலை ஒரு மாலையில் முடிந்தது. வைஸ் என்ற அகச்சிவப்புச் செயற்கைக்கோளின் பட்டியல் பிரம்மாண்டம், அதை இறக்க வேண்டியதில்லை. ஸ்ட்ராஸ்பூர்க் தரவு மையத்தின் பொருத்தல் சேவைக்கு என் குவாசர்களின் இடங்களை அனுப்பினால் வைஸ் எண்களோடு திரும்பி வந்தன. வைஸின் மூன்றாம் பட்டையில் பிரகாச எண்ணைக் கதிர்வீச்சாக மாற்றும் பூஜ்யப் புள்ளி 31.674 ஜான்ஸ்கி, அதைக்கொண்டு 12 மைக்ரான் ஒளிர்வு. கந்தி குழுவினர் 2009-ல் அருகிலுள்ள விண்மீன் மண்டலங்களுக்கு, அகச்சிவப்பை எக்ஸ்-கதிரின் மேல் பொருத்திக் கண்ட சாய்வு 1.11. என்னுடைய பிரகாசமான குவாசர்கள் அந்தக் கோட்டைப் பின்தொடராமல் எக்ஸ்-கதிரில் பின்தங்கின. ஸ்டெர்ன் 2015-ல் சொன்ன வளைவும் அந்தத் திசையில்தான்.

ரேடியோதான் தோற்றது. மெர்லோனி, ஹைன்ஸ், டி மட்டேயோ மூவரும் 2003-ல் வெளியிட்ட கருந்துளைத் தளத்தில் ரேடியோ, எக்ஸ்-கதிர், கருந்துளை நிறை மூன்றும் ஒரு சமதளத்தில் அமர்கின்றன. ரேடியோ, எக்ஸ்-கதிரின் 0.60 அடுக்கோடும் நிறையின் 0.78 அடுக்கோடும் போகும். என் குவாசர்களைப் போட்டால் சமதளம் இல்லை, தூசிப்படலம். காரணம் கிடைத்தது: அந்தத் தளத்துக்கு வேண்டியது கருந்துளையை ஒட்டிய மையத்தின் ரேடியோ மட்டும். நான் எடுத்த ஃபர்ஸ்ட் என்ற ரேடியோ கணக்கெடுப்பின் கூர்மை 5 விகலை. செம்பெயர்ச்சி 1-ல் அது 40 கிலோபார்செக், அதாவது ஒரு மண்டலமே உள்ளே அடங்கிவிடும். நம் கரூவில் 2018-லிருந்து 64 கிண்ணங்களோடு நிற்கும் ரேடியோ தொலைநோக்கியான மீர்காட்டைப் பயன்படுத்தினாலும் இது தீராது. அதன் கிண்ணங்கள் அதிகபட்சம் 8 கிலோமீட்டர் விலகியிருக்கின்றன, உணர்திறன் பிரமாதம், கூர்மை இதே அளவில்தான்.

அடுத்த முறை ஸ்லோனை விட்டுவிடுவேன். அது பெரும்பாலும் வடக்கு வானம், டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியின் என் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் பாதி அடிவானத்தை ஒட்டிக் கிடக்கிறது. ஈரோசிட்டா என்ற எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியின் முதல் பட்டியல் 2024 ஜனவரி 31 அன்று வெளியானது, சுமார் 9 லட்சம் எக்ஸ்-கதிர் மூலங்கள், தெற்கு நிறைய. அதோடு கயா செயற்கைக்கோளின் தரவிலிருந்து எடுத்த குவாசர் பட்டியலான குவாயாவைப் பொருத்தலாம், அதில் 13 லட்சத்தை ஒட்டி. நிறமாலைத் தரம் ஸ்லோன் அளவுக்கு இராது என்பது தெரிந்துதான் போகிறேன். புற ஊதாவும் எக்ஸ்-கதிரும் வேறு வேறு வருஷங்களில் எடுத்தவை என்பதும் சிதறலைக் கூட்டுகிறது. எக்ஸ்எம்எம்மிலேயே ஒரு புற ஊதாத் தொலைநோக்கி இருக்கிறது, ஒரே நேரத்தில் எடுத்த அளவுகள் அதில் கிடைக்கும். சின்ன மாதிரிக்கு அதையும் போட்டுப் பார்க்கவேண்டும்.

கோட்டுக்குக் கீழே இன்னும் சில பேர் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். வடிகட்டல் எல்லாம் முடிந்தும் போகாதவர்கள். செம்பெயர்ச்சியைப் பார்த்தேன், பெரும்பாலும் 1.4-க்குக் கீழே. உட்கவர் வரி இருக்கிறதா என்று பார்ப்பது 1549 ஆங்ஸ்ட்ராம் கார்பன் வரியில். ஸ்லோனின் நிறமாலை 3800-ல்தான் தொடங்குகிறது, ஆகவே அந்த வரி சுமார் 1.45-க்கு மேல்தான் கண்ணில் படும், அதன் நீலப்பக்கப் பள்ளம் முழுதாகத் தெரிய 1.7 வேண்டும். ஆக, என் பட்டியலில் பாதிக்கு மேல் அந்த வடிகட்டல் எதையும் வடிகட்டவே இல்லை, குறி இல்லை என்றால் வரி இல்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1.7-க்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டினால் புள்ளிகள் போதாது. அதனால் மென்பட்டைக்கும் வன்பட்டைக்கும் உள்ள விகிதத்திலிருந்து ஃபோட்டான் குறியெண்ணை ஒவ்வொன்றுக்கும் கணக்கிட்டு, 1.7-க்குக் கீழே இறங்குபவற்றை மூடாக்குப் போட்டவை (வாயு மறைத்தவை) என்று ஒதுக்கப்போகிறேன். அதற்கு வன்பட்டையான நான்காம் பட்டையில் போதுமான எண்ணிக்கை வேண்டும், மங்கலானவற்றில் அது இல்லை. முதலில் பிரகாசமான மூன்றில் ஒரு பங்கில் மட்டும் ஓட்டிப் பார்க்கிறேன்.